கிளார்க்சன் பண்ணையும் கவுன்சில் சண்டையும்: கொட்டகையில் உணவகம் வைக்க உண்மையில் எது தடை?

வரப்போரம்:

தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் விவசாயம் பார்க்கும் ‘கிளார்க்சன்ஸ் ஃபார்ம்’ நிகழ்ச்சியை அமேசான் பிரைமில் பார்த்தவர்கள் எல்லாருக்கும் மனதில் நிற்பது ஒரே படம்தான். இங்கிலாந்தில் சாட்லிங்டன் கிராமத்துப் பக்கத்தில் சுமார் 1,000 ஏக்கர் பண்ணை (பெயர் டிட்லி ஸ்க்வாட்), விளைச்சலில் காசு இல்லை (முதல் வருட லாபம் 144 பவுண்டு என்று காட்டினார்களே), சரி ஓர் உணவகம் வைப்போம் என்றால் கவுன்சில் குறுக்கே நிற்கிறது. பார்க்கிறவருக்குக் கவுன்சில்தான் வில்லன். ஆனால் இங்கிலாந்தின் பிளானிங் விதிகள் (நிலத்தை, கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பவை) தெரிந்தவர்கள் கதை வேறு என்கிறார்கள். மூன்று கேள்விகள்:

1. சொந்த நிலம், சொந்தக் கொட்டகை. அப்புறம் எதற்கு அனுமதி மறுக்க முடிகிறது?
2. 2024-ல் விதியைத் தளர்த்தினார்கள், பத்திரிகைகள் அதற்கு ‘கிளார்க்சன் ஷரத்து’ என்றே பெயர் வைத்தன. இன்றைக்கு அதே உணவகம் சுலபமாக வந்துவிடுமா?
3. ஊர்க் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்துகிறார்களே, அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பேச வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 40 ஹெக்டேர் பண்ணை, 1980-களில் கட்டிய 180 சதுர மீட்டர் தானியக் கொட்டகை, அதில் 24 இருக்கை கஃபே.

படல்:

முதலில் தேதிகள். இதில் பாதிக் குழப்பம் நிகழ்ச்சி காலவரிசையைக் கலைத்துப் போடுவதால் வருவது. பண்ணைக் கடை திறந்தது 2020 பிப்ரவரி. நிகழ்ச்சி வெளியானது 2021 ஜூன். கூட்டம் அலைமோத ஆரம்பித்தது அதற்குப் பிறகு. ஆடு ஈனும் கொட்டகையை 60 இருக்கை உணவகமாக்கக் கேட்ட விண்ணப்பத்தை வெஸ்ட் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டக் கவுன்சில் நிராகரித்தது 2022 ஜனவரி. அந்தக் கோடையில் வேறொரு கொட்டகையில் உணவகம் திறந்தது, ஆகஸ்டில் அமலாக்க நோட்டீஸ் (அனுமதியில்லாத பயன்பாட்டை நிறுத்தச் சொல்வது) வந்தது. மேல்முறையீட்டு விசாரணை 2023 மார்ச், தீர்ப்பு ஜூன்: கார் நிறுத்துமிடத்துக்கு 3 வருடத் தற்காலிக அனுமதி, உணவகத்துக்கு இல்லை.

நிலம் சொந்தம் என்பது இங்கே எடுபடாது. 1947-ல் இருந்தே பிரிட்டனில் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் உரிமை அரசின் கையில். உழுவது, ஆடு மேய்ப்பது இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை, சோறு போட்டுக் காசு வாங்க வேண்டுமானால் தேவை. கவுன்சில் தன் வளர்ச்சித் திட்டப் புத்தகத்தை வைத்துத்தான் முடிவு செய்தாக வேண்டும், அதை மீற வலுவான காரணம் வேண்டும் (2004 சட்டம், பிரிவு 38(6)). அந்தப் பண்ணை இருப்பது காட்ஸ்வோல்ட்ஸ் பாதுகாக்கப்பட்ட எழில் பகுதியில். அங்கே நிலக்காட்சியைக் காப்பதற்குப் ‘பெரும் எடை’ தர வேண்டும் என்று தேசியக் கொள்கையே சொல்கிறது. அதே கொள்கைதான் பண்ணைகள் வேறு தொழிலுக்கும் கிளை விடலாம் என்று இன்னொரு பத்தியில் ஊக்கப்படுத்துகிறது. இரண்டையும் தராசில் வைப்பதுதான் அதிகாரியின் வேலை. அளவு பெரிதாக ஆக முதல் தட்டு கீழே போகும்.

இரண்டாவது கேள்வி, ‘கிளார்க்சன் ஷரத்து’. தனி விண்ணப்பமே இல்லாமல் அனுமதித்ததாகக் கருதப்படும் மாற்றங்களின் பட்டியல் ஒன்று உண்டு. பெர்மிட்டெட் டெவலப்மென்ட் என்பார்கள், 2015 ஆணை. அதில் மூன்றாம் பாகம், கிளாஸ் ஆர்: விவசாயக் கட்டடத்தைக் கடை, உணவகம், அலுவலகம், கிடங்கு, ஹோட்டல் ஆக்கலாம். முன்பு ஒரு பண்ணைக்கு மொத்தம் 500 சதுர மீட்டர் வரை, 2024 மே 21 முதல் 1,000 வரை. கவனிக்க வேண்டியவை:

– கட்டடம் 2012 ஜூலை 3 அன்று விவசாயத்துக்கு மட்டும் பயன்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்ததென்றால் 10 வருடம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும். உங்கள் 1980-களின் கொட்டகை தேறும். ஆனால் 2012-ல் அதற்குள் யாராவது கேரவன் நிறுத்தி வாடகை வாங்கியிருந்தால் தேறாது. ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் பலர் விழுகிறார்கள்.
– 150 சதுர மீட்டருக்குள் என்றால் கவுன்சிலுக்குத் தகவல் போதும்: தொடங்கும் தேதி, என்ன பயன்பாடு, ஒரு வரைபடம். அதைத் தாண்டினால் முன்ஒப்புதல் வாங்க வேண்டும். போக்குவரத்து, இரைச்சல், மண் மாசு, வெள்ள அபாயம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 56 நாளில் பதில் இல்லை என்றால் அனுமதி கிடைத்ததாக அர்த்தம்.
– பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் கிடையாது. எழில் பகுதியில் உண்டு. வீடாக மாற்றும் கிளாஸ் க்யூ-வுக்கு எழில் பகுதியில் அனுமதி இல்லாததால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.
– பப், திருமண மண்டபம், பார்சல் உணவுக் கடை மூன்றும் கிளாஸ் ஆர்-இல் வராது. அவை எந்த வகுப்பிலும் சேராத தனிப் பயன்பாடுகள்.

கடைசிக் குறிப்பை நான்காம் சீசனோடு பொருத்திப் பாருங்கள். பர்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஏ40 சாலையில் ஏற்கெனவே இருந்த பப் ஒன்றை வாங்கி ‘தி ஃபார்மர்ஸ் டாக்’ என்று 2024 ஆகஸ்டில் கிளார்க்சன் திறந்தார். பயன்பாடு ஏற்கெனவே சட்டப்படி இருக்கும் இடத்தை வாங்கினால் அந்தத் தகராறே எழாது. நாலு சீசனில் பிளானிங் கோணத்தில் ஆகச் சிறந்த முடிவு அதுதான் என்பேன், அதைத் திரையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

குறுக்குச்சால்:

180-ஐ விட்டுவிட்டு உள்ளே ஒரு தடுப்புச் சுவர் வைத்து 148 சதுர மீட்டர் மட்டும் கஃபே, மீதி தானியம் என்று போட்டால் முன்ஒப்புதலே வேண்டாமே? பலரும் செய்வது அதுதான்.

படல்:

செய்யலாம், தப்பில்லை. ஆனால் 150 என்பது அந்தப் பண்ணையில் கிளாஸ் ஆர்-இல் இதுவரை மாற்றிய எல்லாவற்றின் கூட்டுத்தொகை. போன வருடம் 40 சதுர மீட்டரில் கடை வைத்திருந்தால் இப்போது 110 தான் மிச்சம்.

பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. கிளாஸ் ஆர் தருவது பயன்பாட்டு மாற்றம் மட்டும், கட்டட வேலை ஒரு ஆணி கூடக் கிடையாது. உள்ளே சுவர், தரை, சமையலறை எல்லாம் இஷ்டம், அதற்கு பிளானிங் தேவையே இல்லை. வெளித்தோற்றம் மாறும் எதுவும், அதாவது ஜன்னல், கண்ணாடிக் கதவு, புகை வெளியேற்றும் குழாய், ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றி வேறு போடுவது, தனி விண்ணப்பம் கேட்கும். தானியக் கொட்டகைக்கு ஜன்னல் ஏது? இருட்டில் உட்கார்ந்து காபி குடிக்க யார் வருவார்கள்?

அதனால் அனுபவமுள்ள ஆலோசகர்கள் இரண்டு கட்டமாகப் போவார்கள். முதலில் கிளாஸ் ஆர். அது கையில் வந்ததும் ஜன்னல், குழாய், நிறுத்துமிடத்துக்கு முழு விண்ணப்பம் (சட்டப்படி 8 வாரக் கெடு). இப்போது கவுன்சில் ‘இங்கே கஃபேயே வேண்டாம்’ என்று சுலபமாகச் சொல்ல முடியாது. மறுத்தாலும் கிளாஸ் ஆர் கஃபே எப்படியும் வரப்போகிறது என்பதை எடைபோட்டாக வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கி முழு விண்ணப்பத்தில் தொடங்கினால் நிராகரிப்பு உங்கள் கோப்பின் முதல் பக்கமாகிவிடும்.

மைல்கல்:

எல்லாரும் கொட்டகையையே பேசுகிறீர்கள். சண்டை காருக்கு.

கிளாஸ் ஆர் கட்டடத்துக்கும் அதை ஒட்டிய இடத்துக்கும்தான். ‘ஒட்டிய இடம்’ என்பதற்கு ஆணையிலேயே வரம்பு உண்டு: கட்டடம் தரையில் அடைக்கும் பரப்பைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. உங்கள் கணக்கில் 180 சதுர மீட்டர். ஒரு கார் நிற்க 2.4 × 4.8 மீட்டர், அது திரும்பி வெளியேற வழியும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 25 சதுர மீட்டர். ஆக 7 கார். 24 இருக்கை, வேலையாட்கள், சரக்கு வேன். எட்டாவது கார் பக்கத்து வயலில் நிற்கும் நாளில் வயலின் பயன்பாடு மாறிவிட்டது, அதற்கு அனுமதி கிடையாது.

வயலில் சரளைக் கல் கொட்டுவது தனிக் குற்றச்சாட்டு, அது பொறியியல் வேலை என்று கணக்கு. விவசாயத்துக்குத் தேவையான தளம் என்று சொல்லிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தினால், ட்ரோன் படம் ஒன்று போதும். டிட்லி ஸ்க்வாட்டிலும் நோட்டீஸ், மேல்முறையீடு இரண்டிலும் நிறுத்துமிடம் ஒரு மையம். மேல்முறையீட்டை விசாரித்த பிளானிங் இன்ஸ்பெக்டர் 70 கார் அளவுக்குத்தான் தற்காலிக அனுமதி கொடுத்தார்.

அடுத்தது சாலையில் சேரும் வாய். ஓட்டுநர் சாலை விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே நின்று இரு பக்கமும் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்று அளப்பார்கள். 30 மைல் வேகச் சாலையில் 43 மீட்டர். வேகப் பலகை இல்லாத கிராமச் சாலைக்குச் சட்டப்படி 60 மைல், அதற்கு 215 மீட்டர். ஒற்றைத் தடச் சந்தில் 215 மீட்டர் பார்வை யாருக்கும் கிடைக்காது, நடுவில் பக்கத்து வீட்டுக்காரரின் வேலிப்புதர் நிற்கும், அதை வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை. இங்கேதான் நிறைய விண்ணப்பங்கள் சாகின்றன.

வழி: ஒரு வாரம் சாலையோரம் வேகமானி வைத்து உண்மையான வேகத்தை எடுங்கள். நூறில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்பதுதான் எண். வளைந்த சந்தில் அது 37 மைல் என்று வந்தால் தேவை சுமார் 59 மீட்டராகக் குறையும். இந்தக் கணக்கை மாவட்டக் கவுன்சில் ஆராயாது. சாலை அதிகாரம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுண்டி கவுன்சிலிடம், அவர்கள் கருத்து எழுதி அனுப்புவார்கள். நிகழ்ச்சியில் இரண்டும் சேர்ந்து ஒரே ‘கவுன்சில்’ ஆகிவிட்டது.

இரும்புக் கதவு இருந்தால் சாலையிலிருந்து ஒரு டிராக்டர்-டிரெய்லர் நீளமாவது உள்ளே தள்ளி வையுங்கள். கதவைத் திறக்க வண்டி சாலையில் நின்றால் அதுவே ஒரு ஆட்சேபணை.

ஊற்றுக்கண்:

காருக்கு அடுத்து கழிவுநீர். அதை ஏன் யாரும் தொடுவதில்லை?

கிராமத்தில் பெரும்பாலும் பொதுச் சாக்கடை இணைப்பு இருக்காது, சுத்திகரிப்புத் தொட்டி வைத்து மண்ணில் விடுவார்கள். நாளுக்கு 2,000 லிட்டர் வரை மண்ணில், 5,000 லிட்டர் வரை ஓடையில் விடலாம், பொது விதிகளுக்குள் இருந்தால் தனி உரிமம் வேண்டாம். அதற்கு மேல் என்றால் சுற்றுச்சூழல் முகமையிடம் உரிமம். முழுச் சாப்பாட்டுக்கு ஆளுக்குச் சுமார் 30 லிட்டர், கழிப்பறையை ஒருமுறை பயன்படுத்தினால் சுமார் 10 லிட்டர் என்று வடிவமைப்பில் எடுப்பார்கள். 60 இருக்கையில் இரண்டு பந்தி போட்டால் 120 × 30 = 3,600 லிட்டர். மண்ணில் விடும் வரம்பைத் தாண்டியாச்சு. உங்கள் 24 இருக்கையில் இரண்டு பந்தி 1,440 லிட்டர், சமாளிக்கலாம்.

சாப்பாடே போடாமல் கடை மட்டும் வைத்து, பிரபலத்தைப் பார்க்க 200 பேர் வந்து கழிப்பறை போனாலே 2,000 லிட்டர். புகழுக்கும் பிளானிங்குக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். சமையலறை வரியில் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி வைக்காவிட்டால் சுத்திகரிப்புத் தொட்டியில் உள்ள பாக்டீரியா செத்து நாற்றம் கிளம்பும். அப்புறம் ஆட்சேபணைக் கடிதம் தானாக வரும்.

தெற்குத்தெரு:

மூன்றாவது கேள்விக்கு, எதிர்ப்பவர் பக்கம் நின்று. நிகழ்ச்சியில் ஊர்க்காரர் என்றால் பொறாமை பிடித்தவர். உண்மையில் தங்கள் வாசலில் புல்தரை முழுக்கக் கார் நின்று ஆம்புலன்ஸ் போக வழியில்லை என்பவருக்குப் பொறாமை தேவையில்லை.

ஊர்க் கூட்டத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. பாரிஷ் கவுன்சிலுக்கும் (ஊர் அளவிலான கவுன்சில்) கருத்துச் சொல்லும் உரிமை மட்டும்தான். முடிவு மாவட்டக் கவுன்சிலுடையது. சாதாரண விண்ணப்பங்களை அதிகாரிகளே முடித்துவிடுவார்கள், சர்ச்சையானவை உறுப்பினர் குழுவுக்குப் போகும். குழுவில் பேசப் பொதுவாக 3 நிமிடம். கத்தினால் 3 நிமிடமும் வீண்.

எடுபடாதவை: வீட்டு விலை குறையும், என் ஜன்னல் காட்சி போகும், அந்த ஆள் திமிர் பிடித்தவர். ஒரே கடிதத்தை 80 பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் 80 மடங்கு எடை தராது, அதில் உள்ள காரணத்தைத்தான் எடைபோடுவார்கள்.

எடுபடுபவை: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வளைவில் எத்தனை கார் ஓரத்தில் நின்றது என்ற படத்துடன் கூடிய பட்டியல். இரவு விளக்கு எங்கிருந்து தெரிகிறது. இசை, சமையல் புகை, பேருந்து வரும் வழி. சாலைக் காரணத்தால் மறுக்க வேண்டுமானால் பாதுகாப்பு ஏற்கமுடியாத அளவு கெட வேண்டும், அல்லது நெரிசலின் தாக்கம் கடுமையாக இருக்க வேண்டும் என்று தேசியக் கொள்கை சொல்கிறது. ‘கொஞ்சம் தொந்தரவு’ போதாது.

முற்றாக எதிர்ப்பதைவிட நிபந்தனை கேட்பது பலன் தரும்: இருக்கை எண்ணிக்கை, மூடும் நேரம், சுற்றுலாப் பேருந்துத் தடை, கீழ்நோக்கிய விளக்கு மட்டும், விற்கும் பொருளில் உள்ளூர்ப் பங்கு. நிபந்தனை அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘நியாயமான நேரத்தில் மூட வேண்டும்’ என்று எழுதினால் அமல்படுத்த முடியாது, ‘மாலை 6’ என்றால் முடியும்.

வரப்போரம்:

மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு தொடர் கேள்விகள். பண்ணைக் கடைக்கே அனுமதி வேண்டுமா, அங்கே விளைந்ததை விற்பதற்குக் கூடவா? அப்புறம், நோட்டீஸ் வந்த பிறகும் அங்கே வியாபாரம் நடந்ததாகக் காட்டினார்களே, அது எப்படி?

படல்:

அந்தப் பண்ணையில் விளைந்ததை, பதப்படுத்தாமல், அங்கேயே இருக்கும் கட்டடத்தில் விற்றால் அது விவசாயத்தோடு சேர்ந்தது, அனுமதி வேண்டாம். வெளிச்சரக்கு சேர்ந்தால் மாறும். பத்து சதவீதம் வரை பரவாயில்லை என்று புழங்கும் எண் சட்டத்தில் இல்லை, தீர்ப்புகளிலிருந்து வந்த வழக்கம், அதை நம்பி முதலீடு செய்யாதீர்கள். உங்கள் உருளைக்கிழங்கு விவசாயம், அதை வறுத்துப் பாக்கெட் போட்ட சிப்ஸ் அநேகமாக இல்லை. புதிதாகக் கடையே கட்டினால் எப்படியும் அனுமதி வேண்டும், அதோடு நிபந்தனையும் வரும்.

முத்திரைமை:

நோட்டீஸ் பற்றி. அமலாக்க நோட்டீஸ் கொடுத்த உடனே நடைமுறைக்கு வராது, குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்குள் மேல்முறையீடு அதை விசாரிக்கும் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டைச் சேர்ந்துவிட்டால் தீர்ப்பு வரை நோட்டீஸ் செயல்படாது, வியாபாரம் நடக்கலாம். கவுன்சில் உடனே நிறுத்த நினைத்தால் தனியாக நிறுத்த நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பின்னால் அது தவறு என்று தெரிந்தால் இழப்பீடு கட்ட நேரலாம் என்பதால் தயங்குவார்கள். ஒரு நாள் தாமதமானாலும் மேல்முறையீட்டு உரிமை போச்சு, கெடு நீட்டிப்பு கிடையாது. தபாலை நம்பாமல் இணையத்தில் போடுங்கள்.

மேல்முறையீட்டுக்கு ஏழு காரணங்கள், 1990 பிளானிங் சட்டத்தின் பிரிவு 174-ல் (அ) முதல் வரிசையாக. முதல் காரணம் ‘அனுமதி தரப்பட வேண்டும்’ என்பது, அதை எடுத்தால் கவுன்சிலுக்கு இரட்டிப்பு விண்ணப்பக் கட்டணம். அதைக் கட்ட மறந்து அந்தக் காரணத்தையே இழந்தவர்கள் உண்டு. ‘கேட்ட நடவடிக்கை அளவுக்கு மீறியது’, ‘கொடுத்த கால அவகாசம் போதாது’ என்ற கடைசி இரண்டையும் எப்போதும் சேர்த்துப் போடுங்கள். முழுத் தோல்வியிலும் சில மாதமாவது கிடைக்கும்.

‘பத்து வருடம் பிடிபடாமல் ஓட்டிவிட்டால் சட்டப்படி ஆகிவிடும்’ என்பது இன்னும் உண்டு. முன்பு கட்டட வேலைக்கு 4 வருடமாக இருந்தது, 2024 ஏப்ரல் 25 முதல் அதற்கும் 10. படக்குழுவோடு செய்கிறவருக்கு இது பயன்படாது என்று சொல்லத் தேவையில்லை!

கூரைப் பொருள், நிறம் மாதிரி நிபந்தனை மீறலை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு வேறொரு நோட்டீஸ், நிபந்தனை மீறல் நோட்டீஸ், பிரிவு 187அ. அதற்கு மேல்முறையீடே கிடையாது. ஸ்லேட் என்று எழுதியிருந்து தகடு போட வேண்டுமானால், போடும் முன்பே பிரிவு 73-இன் கீழ் நிபந்தனையை மாற்றக் கேளுங்கள்.

குறுக்குச்சால்:

வௌவால் விட்டுப்போச்சு. பழைய கொட்டகையில் வௌவால் இருந்தால் அனுமதி தேவைப்படாத மாற்றத்துக்கும் வனவிலங்குச் சட்டம் பொருந்தும். அந்தி நேரக் கணக்கெடுப்பு மே முதல் செப்டம்பர் வரைதான் செல்லும். அக்டோபரில் நினைவு வந்தால் அடுத்த மே வரை எல்லாம் நிற்கும். முன்ஒப்புதல் கிடைத்த தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற கெடு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

மைல்கல்:

அதனால் வரிசை இப்படி வரும்: வேகமானி, வௌவால் கணக்கெடுப்பு இரண்டும் ஒரே கோடையில். 2012-ல் கொட்டகைக்குள் என்ன இருந்தது என்பதற்கு விற்பனை ரசீது, பழைய வான்படம், பக்கத்துப் பண்ணைக்காரரின் உறுதிமொழி. பிறகு கிளாஸ் ஆர், பிறகு ஜன்னலுக்கும் நிறுத்துமிடத்துக்கும் விண்ணப்பம். சமையல் அடுப்பு வாங்குவது கடைசி. உணவுத் தொழில் பதிவு திறப்பதற்கு 28 நாள் முன்னால், அதற்குக் கட்டணம் இல்லை. மது ஊற்றுவதென்றால் அதற்குத் தனி உரிமம், அதிலும் 28 நாள் ஆட்சேபணைக் காலம் உண்டு, அதே தெற்குத்தெருக்காரர்கள் அங்கேயும் வருவார்கள்.

தெற்குத்தெரு:

வருவோம். பட்டியலோடு.